செவ்வரளியை முருகனுக்குச் சாத்தலாமா? ஒரு சகோதரியின் கேள்வி

ஓம் சரவணபவ! வேலும் மயிலும் துணை!



போன செவ்வாய்க்கிழமை தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு சகோதரி நம்ம குழுவில் கேட்டிருந்தார். "அண்ணா, பத்து வருஷமா செவ்வாய் தவறாம முருகனுக்கு செவ்வரளி மாலை சாத்துறேன். மாடியில தொட்டியிலயும் ஒரு செடி வெச்சிருக்கேன். இப்போ என் மருமக, அரளி விஷமாம், கேரளாவுல கோயில்லயே நிறுத்திட்டாங்களாம், குழந்தை இருக்கிற வீட்ல வேணாம்னு சொல்றா. பிடுங்கிப் போட மனசு வரல. விஷப் பூவையா இத்தனை நாள் சாமிக்கு வெச்சேன்? நான் பண்ணது தப்பா?"

நிறைய பேர் பதில் போட்டீங்க. ஒருத்தர், சாமி பாதத்துல பட்டா விஷமெல்லாம் போயிடும், கவலைப்படாதீங்கன்னு எழுதினார். இன்னொருத்தர், உடனே வேரோட பிடுங்கிடுங்கன்னு எழுதினார். இரண்டு பேருமே நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனால் இரண்டுமே சரியில்லை என்பது அடியேனுடைய எண்ணம். இருபத்தாறு வருஷமாக வீட்டு வாசலில் செவ்வரளி வளர்க்கிறேன். அந்தச் செடியை வைத்து ஒரு பாவமும் பண்ணியிருக்கிறேன். அதையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம்ம ஊரைப் பற்றி. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்குப் பூச்செடி என்றாலே ஒரு பெருமூச்சு வரும். கிழக்கே உப்புக் காற்று. மேற்கே கன்டெய்னர் லாரிப் புழுதி. ராத்திரி துடைத்த திண்ணையில் காலையில் விரலால் பெயர் எழுதலாம். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, குழாயில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். ஹார்பர் வேலையில் இருந்தபோது நானும் ஆசைப்பட்டு நர்சரியில் இருந்து ரோஜா வாங்கி வந்தேன். மூணு மாசம் தாங்கியது. செம்பருத்தி கொஞ்ச நாள் நன்றாக வந்து, இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு போனது. மல்லி பூக்கவே இல்லை. பூஜைக்குப் பூ இல்லாத வீடாகவே இருந்தது. ஒருநாள் என் மாமியார் மணலியில் இருந்து வரும்போது ஒரு முழ நீளத்துக்கு நாலு அரளிக் குச்சியைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார். "இத நட்டுப் பாருங்க மாப்ள, இது உங்க ஊருக்கு பயப்படாது" என்றார். நாலில் மூன்று பிழைத்தது. அதில் ஒன்று இப்போது என்னைவிட உயரம்.

ஏன் அது பயப்படவில்லை? அதன் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோல் மாதிரி தடிமனாக, மேலே மெழுகு பூசினாற்போல இருக்கும். இலை மூச்சுவிடும் துளைகள் எல்லாம் அடிப்பக்கத்தில், சின்னச் சின்னக் குழிகளுக்குள், மெல்லிய ரோமங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. வெயிலும் காற்றும் நேராகப் பட்டு ஈரத்தை உறிஞ்ச முடியாது. காலேஜில் தாவரவியல் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள், வறண்ட நிலத்துச் செடிக்கு உதாரணமாக அரளி இலையைத்தான் பிளேடால் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருப்பார்கள். நெடுஞ்சாலைகளில் நடுவில் வரிசையாக அரளியை நட்டிருக்கிறார்களே, அதுவும் சும்மா அழகுக்கு இல்லை. தண்ணீர் குறைவாகப் போதும், புகையைத் தாங்கும், எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தை மறைக்கும், மாடு கடிக்காது. லாரி ஓட்டுகிற நம்ம தம்பிகள் ராத்திரி பகலாக இந்தச் செடியின் பக்கத்திலேயே போய் வருகிறார்கள்.

இது முருகனுக்கு எப்போதிலிருந்து பூ என்று கேட்டால், சமீபத்தில் ஜோசியர்கள் செவ்வாய் தோஷத்துக்குச் சொன்னதில் இருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையில், கடைசிப் படைவீடான பழமுதிர்சோலைப் பகுதியில், மலைவாழ் குறமகள் முருகனைக் கூப்பிட்டு வழிபடும் இடம் ஒன்று வருகிறது. அங்கே அவள் கணவீர மாலையை அளவாக அறுத்துத் தொங்கவிடுகிறாள். கணவீரம் என்றால் செவ்வலரி என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அலரிதான் நம்ம வாயில் அரளி. ஐயர் இல்லை, மண்டபம் இல்லை, காட்டில் ஒரு பெண் தன் கைக்குக் கிடைத்த பூவைக் கட்டித் தொங்கவிட்டு "வா"ன்னு கூப்பிடுகிறாள், அவன் வருகிறான். தண்டையார்பேட்டைச் சகோதரி மாடியில் பறித்துக் கட்டுகிற மாலைக்கு அவ்வளவு பழைய சொந்தம் இருக்கிறது.

திருவாரூர்ப் பக்கம் திருக்கரவீரம் என்று ஒரு தேவாரத் தலம் உண்டு. சம்பந்தப் பெருமான் பாடியது. கரவீரம் என்பதும் அரளிதான், அங்கே தல விருட்சமே அதுதான்.

ஆனால் இதே பூவுக்கு வேறொரு பக்கமும் இருந்திருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. மிருச்சகடிகம் என்ற பழைய வடமொழி நாடகம், பண்டிதமணி கதிரேசன் செட்டியார் "மண்ணியல் சிறுதேர்" என்று தமிழில் தந்தது. அதில் செய்யாத கொலைக்காகச் சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். அப்போது அவன் கழுத்தில் போட்டிருப்பது கரவீர மாலை. மணிமேகலையில் புகார் நகரத் தெருவில் ஒரு பித்தன் வருகிறான், அவன் மேல் கணவிரியும் எருக்கும் கட்டியிருக்கின்றன. அதாவது ஊர் ஒதுக்கி வைத்தவனுக்கு, சாகப் போகிறவனுக்கு, புத்தி தடுமாறியவனுக்குப் போடுகிற மாலை இது. அதையேதான் குறமகள் முருகனுக்கும் கட்டுகிறாள், அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை! நம்ம பக்கத்தை வெளியூர்க்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வடசென்னை என்றால் முகம் சுளிப்பார்கள். அதனாலோ என்னவோ, இந்தப் பூவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். இது பேசத்தான் ஆசை.

விதை வேண்டாம், குச்சிதான். பென்சில் பருமனில், ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றிய கட்டையாகவும் இல்லாமல், ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று அதிகமாக வெட்டுங்கள். வெட்டினவுடன் பால் வடியும். அது கையில் படக்கூடாது, கண்ணில் படவே கூடாது. பழைய கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பால் நின்றதும் கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேலே நாலைந்து இலை மட்டும் விட்டு, ஈர மணலில் செருகுங்கள். பாட்டில் தண்ணீரில் வைத்தாலும் வேர் விடும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தத் தண்ணீரை யாரும் எடுத்துக் குடித்துவிடாத இடத்தில் பாட்டிலை வைக்க வேண்டும். மூணு நாலு வாரத்தில் வெள்ளையாக வேர் தெரியும்.

நிலம் இருந்தால் நிலத்திலேயே வையுங்கள். இல்லாதவர்கள் சின்ன தொட்டியில் வைத்துவிட்டு பூக்கவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். பழைய பெயிண்ட் டிரம், சிமெண்ட் தொட்டி, இந்த அளவாவது வேண்டும். அடியில் ஓட்டை கட்டாயம். வெயில் ஆறு மணி நேரம் படணும். நிழலில் வைத்தால் இலை பச்சையாக, பார்க்க நன்றாக இருக்கும், பூ மட்டும் வராது. முதல் இரண்டு மாசம் தினம் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் பிடித்துவிட்டால் தரையில் இருக்கிற செடிக்கு வாரம் ஒருமுறை போதும், நம்ம உப்புத் தண்ணீரே போதும். தொட்டிக்கு மட்டும் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள், இல்லையென்றால் மொட்டு பிஞ்சிலேயே உதிரும். உரம் என்றால் மக்கிய சாணம் இரண்டு கை, வருஷத்துக்கு இரண்டு தடவை. பாசத்தில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும்.

மஞ்சளாக, கறுப்புக் காலோடு, குருத்தில் அப்பிக்கொண்டு ஒரு பூச்சி வரும், அசுவினி. அரளிக்கென்றே பிறந்த பூச்சி அது. எறும்பு வரிசை ஏறுகிறதென்றால் அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளியுங்கள். இன்னொன்று பச்சைப் புழு. விரல் தடிமனுக்கு இருக்கும், தலைப்பக்கம் நீலமாக இரண்டு கண் மாதிரி வட்டம் இருக்கும். முதல் தடவை பார்த்தவர்கள் பாம்புக்குட்டி என்று கத்திவிடுவார்கள். ஒரே ராத்திரியில் ஒரு கிளையை மொட்டையாக்கும். ஆட்டையே சாய்க்கிற இலையை அது தின்று வளர்ந்து, பிறகு அழகான பச்சைநிற அந்துப்பூச்சியாகப் பறந்து போகிறது. அடியேன் அதைக் கொல்வதில்லை. குச்சியால் எடுத்து, பின்பக்கம் யாருக்கும் வேண்டாத ஒரு அரளிப் புதரில் விட்டுவிடுவேன். என் பேரன் அதற்குக் "கண்ணாடிப் புழு" என்று பெயர் வைத்திருக்கிறான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கவாத்து. அரளி புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். வெட்டவில்லை என்றால் செடி மேலே மேலே போய், அடியில் மொட்டைக் காலாக நின்று, உச்சியில் எட்டாத இடத்தில் நாலு பூ பூக்கும். நம்ம பக்கம் கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, தை பிறந்ததும் வெட்டுவது நல்லது. மூன்றில் ஒரு பங்கு தைரியமாக வெட்டுங்கள். வெட்டின ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று கிளை வரும், பங்குனி உத்திரத்துக்கு மொட்டு கட்டும். காய் நீளமாகத் தொங்கினால் அதையும் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு வருஷம் எனக்கு வெட்டவே கை வராது, பாவமாக இருக்கும். பூ கம்மியானதைப் பார்த்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதில் பாதியைத்தான் கற்றுக்கொண்டேன் என்பது பிறகு தெரிந்தது.

இனி அந்த விஷயம்.

ஒரு தை மாசக் கிருத்திகை. காலை ஐந்தரைக்கு எழுந்து பூ பறித்தேன். பறிக்கும்போதே, இன்றைக்கே கவாத்தும் பண்ணிவிடலாம் என்று அரிவாளை எடுத்து ஒரு கட்டுக் கிளையை வெட்டித் தள்ளினேன். கந்தகோட்டம் போகணும், பஸ் பிடிக்கணும், அவசரம். வெட்டின கிளையை வாசலுக்கு எதிரே ரோட்டோரம் குவித்துவிட்டு, வந்து அள்ளிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். கோயிலில் நல்ல கூட்டம். மனசு நிறைய தரிசனம். அப்படியே பாரிமுனையில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மூணு மணிக்குத்தான் வீடு திரும்பினேன்.

தெரு முனையிலேயே கூட்டம். பின்தெருவில் மீன் விற்கிற அக்கா, அவர்களுடைய கிடா. ஆடி மாசம் அம்மனுக்கு என்று நேர்ந்துவிட்டது. மஞ்சள் துணி கட்டி, தெருவே அதற்குக் கீரையும் தோலும் போட்டு வளர்த்தது. வாயில் நுரை தள்ளி, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. யாரோ கால்நடை டாக்டரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் அதன் வாயைத் திறந்து, பல்லில் சிக்கியிருந்த இலையை எடுத்துப் பார்த்தார். "அரளி" என்றார். எல்லோரும் என் வீட்டு வாசலைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது.

பச்சையாகச் செடியில் இருக்கும்போது ஆடு மாடு அதைத் தொடாது, அவ்வளவு கசப்பு. நான் அதை நம்பித்தான் இருந்தேன். வெட்டிப்போட்டு வெயிலில் வாடினால் கசப்பின் காரம் குறைந்துவிடும், விஷம் குறையாது. காய்ந்து சருகானாலும் விஷம் விஷம்தான். டாக்டர் இதைச் சொன்னபோது நான் கையில் பிரசாதப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். நெற்றியில் விபூதி. பூவைப் பறிக்கத் தெரிந்த எனக்குக் கிளையை அள்ளத் தெரியவில்லை. முருகனுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேனே, அந்த அவசரத்தில் அம்மனுக்கு நேர்ந்ததைக் கொன்றுவிட்டேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பணம் நீட்டினேன். அவர்கள் வாங்கவில்லை. பேசவும் இல்லை. திரும்பி வந்து கடப்பாரையை எடுத்து செடி அடியில் குத்த ஆரம்பித்தேன். இரண்டு குத்து குத்தியிருப்பேன். பின்னாலேயே அக்கா வந்து நின்றார்கள்.

"இன்னா பண்ற?"

"பிடுங்கிடப் போறேன்க்கா. இது இனிமே வேணாம்."

"செடி இன்னாபா பண்ணுச்சி? வெட்டினது நீ. ரோட்ல போட்டது நீ. ஆடு பசில துன்னுச்சி. இத்த பிடுங்கிப் போட்டா உனக்கு மனசு ஆறிடுமா? ஒனக்கு ஆறும். எனக்கு ஆறாது." கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம், "ஒரு குட்டி வாங்கிக் குடு, போதும். ஆத்தாளுக்குச் சொன்னதச் செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடப்பாரையை உள்ளே வைத்தேன். ரெட்ஹில்ஸ் பக்கம் போய்க் குட்டி வாங்கி வந்து கொடுத்தேன். அன்றிலிருந்து கவாத்து பண்ணுகிற நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை, கோயிலுக்குப் போவதுகூட இல்லை. வெட்டின கிளையை ஒன்றுவிடாமல் பொறுக்கி, சாக்கில் கட்டி, வாயைத் தைத்து, மாநகராட்சிக் குப்பை வண்டிக்காரரிடம் "அரளி, ஆடு மாடு படாம பாத்துக்குங்க" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன். கொளுத்துவதும் கூடாது, அந்தப் புகையும் கெடுதல். இதுவும் பூஜையில் சேர்த்திதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நம்ம திருவொற்றியூரிலேயே ஒரு பெரிய பூத்தொண்டு நடந்திருக்கிறது. ஞாயிறு கிராமத்தில் பிறந்த சங்கிலி நாச்சியார் இங்கே வந்து கன்னிமாடத்தில் தங்கி, தியாகராஜப் பெருமானுக்கு மாலை தொடுத்தார். திரைக்கு உள்ளே இருந்து அவர் மாலை கட்டிக் கொடுக்கும்போதுதான் சுந்தரர் பார்த்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பிறகு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தது, சத்தியம் தவறிக் கண் இழந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும், மாசி பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை பார்க்காதவர் நம்மில் யார்? நான் அந்தக் கதையில் நினைப்பது வேறு ஒன்றை. நாச்சியார் மாலை கட்டின இடத்தை யார் கூட்டினார்கள்? காம்பும் நாரும் எங்கே போனது? அவரே கூட்டி அள்ளியிருப்பார் என்றுதான் என் மனசு சொல்கிறது. புராணத்தில் அது இல்லை, அடியேனுடைய கற்பனை.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

கேரளாவில் நடந்ததை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2024-இல் ஓர் இளம்பெண் தெரியாமல் அரளியை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் பெரிய செய்தியானது. அதன் பிறகு அந்த மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நிவேதனத்திலும் பக்தர்களுக்குத் தரும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. வாய்க்குப் போகிற வழியை அடைத்தார்கள். நல்ல காரியம். உங்கள் மருமகள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அரளியின் இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாவற்றிலும் விஷம் உண்டு. இதயத் துடிப்பைக் குழப்புகிற விஷம். மஞ்சளாகக் குழல் மாதிரி பூக்கிறதே, அதையும் நாம் அரளி என்றுதான் சொல்கிறோம். அது அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த வேறு செடி, அதன் கொட்டையும் கடும் விஷம். சாமி பாதத்தில் பட்டால் விஷம் போய்விடும் என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். முருகன் சூரனை என்ன செய்தான்? அழித்து இல்லாமல் ஆக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆக்கினான். மயிலைத் தன் காலுக்குக் கீழே வைத்தான், சேவலைக் கொடியில் வைத்தான். பலம் அப்படியே இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அரளிக்கும் ஒரு இடம் உண்டு. வேலுக்கு, படத்துக்கு, விக்கிரகத்தின் தோளுக்கு. நம்ம வாய்க்கு அருகில் இல்லை.

அதனால் சகோதரி, தாராளமாகச் சாத்துங்கள். ஆனால் பஞ்சாமிர்தத்தின் மேல் அலங்காரத்துக்கு அரளி இதழ் தூவாதீர்கள். பால் அபிஷேகம் பண்ணுவதாக இருந்தால் முதலில் மாலையைக் கழற்றிவிடுங்கள். அரளி மிதந்த பாலையும் தண்ணீரையும் தீர்த்தமாகக் கொடுக்காதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள். பிரசாதத் தட்டில் வைக்க துளசியோ வெட்சியோ இருக்கிறது. வெட்சியும் முருகனுக்குப் பிடித்த பூதான், நம்ம பிள்ளைகள் இட்லிப் பூ என்று சொல்லித் தேன் உறிஞ்சுமே, அதுதான். மாலை கட்டும்போது காம்பைப் பல்லால் கடிக்கிற பழக்கம் நிறைய அக்காமார்களுக்கு உண்டு, அரளியில் அது வேண்டவே வேண்டாம். கட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பேரனுக்குச் சோறு ஊட்டுங்கள். வாடின மாலையை மாட்டுக்குப் போடுவது புண்ணியம் என்று சிலர் போடுகிறார்கள். அரளி மாலையைப் போடுவது மகாபாவம், என் வாயால் சொல்கிறேன். தவழ்கிற குழந்தை இருக்கிற வரைக்கும் தொட்டியை மாடியிலேயே, கதவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். தப்பித் தவறி யாராவது மென்றுவிட்டால் புளித்தண்ணி, உப்புத்தண்ணி, வாந்தி வைத்தியம் எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி. என்ன செடி என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

எத்தனை செவ்வாய் சாத்தணும், ஒன்பதா இருபத்தேழா என்றும் சிலர் கேட்கிறீர்கள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. செடியில் பூ இருந்தால் சாத்துகிறேன், இல்லாவிட்டால் கையைக் கூப்பிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது மறக்கிற விஷயமா? எண்ணூர் முகத்துவாரப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. எங்கள் தெருவில் எண்ணெய் வரவில்லை, ஆனால் சாக்கடையும் மழையும் கலந்து நாலு நாள் முழங்கால் அளவு நின்றது. தண்ணீர் வடிந்தபோது வாசலில் இருந்த துளசி, கற்பூரவல்லி, வெட்சி எல்லாம் அழுகிப் போயிருந்தன. அரளி இலை அத்தனையும் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்தத் தையில் கவாத்துக்கே வேலை இல்லை. பொங்கல் கழிந்து பத்து நாளில் அடிக்கட்டையில் சிவப்பாக ஒரு முளை. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தில் 1945 ஆகஸ்டில் அணுகுண்டு போட்ட பிறகு, அங்கே முதலில் பூத்தது அரளிதான் என்று சொல்கிறார்கள். 1973-இல் அதையே தங்கள் நகரத்தின் பூவாக அறிவித்திருக்கிறார்கள். அதை எங்கோ படித்தது எனக்கு அந்த முளையைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. நம்ம வெள்ளத்தை அதோடு ஒப்பிடவில்லை, அப்படி ஒப்பிடுவது தப்பு. செடி ஒன்றுதான்.

அந்த முளையை முதலில் பார்த்தது நான் இல்லை, பின்தெரு அக்காதான். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்கள். "யப்பா, உன் செடி உயிரோடதான் கீது, வந்து பாரு." ஆட்டு விஷயத்துக்குப் பிறகு அவர்கள் என் வாசலில் நின்று பேசினது அதுதான் இரண்டாவது தடவை. அந்த வருஷம் ஆவணியில் அது நன்றாகப் பூத்தது. இப்போது ஆடி மாசம் அம்மனுக்குச் சாத்த என் செடியில் இருந்துதான் ஒரு முழம் போகிறது. வாங்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு தடவையும் "கிளைய அள்ளினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் "அள்ளிட்டேன்க்கா" என்று சொல்லுவேன்.

வருகிற தை மாசம் கவாத்து பண்ணும்போது நல்ல குச்சியாக முப்பது எடுத்து வைக்கிறேன். வேண்டியவர்கள் குழுவில் பெயரைப் போடுங்கள். பால் வடிந்து நின்ற பிறகு காகிதத்தில் சுற்றித் தருகிறேன். கிருத்திகைக்குக் கந்தகோட்டம் வருபவர்களுக்குக் கையிலேயே கொண்டு வந்துவிடுவேன். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆடு, மாடு, தவழும் குழந்தை இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அரளிக் குச்சிக்குப் பதிலாக வெட்சிப் பதியன் வைத்திருக்கிறேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!